விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரே லாப்டாப்பை என்ன செய்வது?

கேமரன் மலையில் ரிங்லெட், ஹாபு, பிரிஞ்சாங் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உங்கள் வீடு இருக்கலாம். வீட்டில் ஒரே ஒரு லாப்டாப். அண்ணன் கோலாலம்பூரில் படித்தபோது வாங்கியது, இப்போது தங்கையின் எஸ்பிஎம் பாடங்களுக்கு. அந்த லாப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் இலவச ஆதரவை நிறுத்திவிட்டது. "உடனே மாத்துங்க", "புதுசு வாங்குங்க", "ஒண்ணும் ஆகாது, விடுங்க" என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதையும் அப்படியே நம்ப வேண்டாம். உண்மையில் என்ன நடந்திருக்கிறது, உங்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதையும் இழக்காமல் மாறுவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடுமா?

நிற்காது. நாளைக்கும் அது வழக்கம்போல ஓடும். நின்றுபோனது கணினி அல்ல, மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்.

ஒவ்வொரு இயங்குதளத்திலும் (அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தில்) ஓட்டைகள் இருக்கும். அவை கண்டுபிடிக்கப்படும்போது, நிறுவனம் அவற்றை அடைத்து அப்டேட்டாக அனுப்பும். ஆதரவு முடிந்த பிறகும் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், ஆனால் உங்கள் கணினியில் அவற்றை யாரும் அடைக்க மாட்டார்கள். விண்டோஸ் 11-க்கு வரும் அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தாலே, விண்டோஸ் 10-இல் எந்த இடத்தில் ஓட்டை இருக்கலாம் என்று தாக்குபவர்களுக்குக் குறிப்பு கிடைத்துவிடும். நாள் ஆக ஆக ஆபத்து கூடும் என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு நடந்த சான்று ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட முடங்கின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அப்டேட் இருந்தும் போடாதவர்கள்தான் பெருமளவில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது விண்டோஸ் 10-இல் இருப்பவர்களின் நிலை இன்னும் ஒரு படி மோசம். கீழே சொல்லும் திட்டத்தில் சேராவிட்டால், போடுவதற்கு அப்டேட்டே வராது.

மலையில் இருப்பவர்களுக்கு ஏன் தனிக் கணக்கு?

நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு மாலை நேர வேலை. வேகமான இணையம் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேறு.

முதலாவது, இணையம். மேட்டில் நின்றால் சிக்னல், பள்ளத்தில் இறங்கினால் இல்லை. பல வீடுகளில் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். விண்டோஸ் 11-ஐப் பதிவிறக்க ஏறக்குறைய 5 ஜிபி அல்லது அதற்கும் மேல் டேட்டா போய்விடும்.

இரண்டாவது, மின்சாரம். மாலை மழையும் இடியும் மலைக்குப் புதிதல்ல. பாதி வேலையில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பணம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஓரளவு நல்ல புது லாப்டாப் ஒன்று அந்த ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். "புதுசு வாங்கிடுங்க" என்பது எல்லோருக்கும் சொல்லக்கூடிய ஆலோசனை இல்லை.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த ஒரே லாப்டாப்பில் என்னென்ன இருக்கிறது? பள்ளிப் பாடங்கள், கல்யாணப் படங்கள், சான்றிதழ்கள். சில வீடுகளில், குடியுரிமை விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்து வைத்த தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றும். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். இவை போனால்?

முதல் வேலை: உங்கள் கணினி தகுதியானதா?

விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வெளிவந்தது. ஆக்டிவேட் செய்யப்பட்ட விண்டோஸ் 10 உங்களிடம் இருந்தால் 11-க்கு மாறுவது இலவசம். ஆனால் கணினிக்குச் சில தகுதிகள் வேண்டும்:

• குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். (4 ஜிபி ரேமில் ஓடும், ஆனால் நத்தைதான். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.)
• டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு.
• செக்யூர் பூட் வசதி.
• மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசசர். பொதுவாக இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது.

இன்டெல் தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பிராசசரின் பெயர் தெரியும். 'ஐ5-8250யு' என்று இருந்தால், கோட்டுக்குப் பிறகு வரும் 8 என்பது எட்டாம் தலைமுறை. 'ஐ5-7200யு' என்றால் ஏழாம் தலைமுறை, தகுதி இல்லை. குழப்பமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியைப் போட்டு ஓட்டுங்கள். தகுதி இல்லையென்றால் எதனால் இல்லை என்பதையும் அது சொல்லும்.

ரீகண்டிஷன் லாப்டாப் வாங்கப் போகிறவர்களும் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். "விண்டோஸ் 11 போட்டாச்சு" என்று விற்பவர் சொல்வது போதாது. தகுதியில்லாத கணினியிலும் சோதனையை ஏமாற்றி 11-ஐப் போட வழி இருக்கிறது. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பிராசசர் எண்ணைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது.

உங்கள் முன் மூன்று வழிகள்

வழி 1: தகுதி இருந்தால், விண்டோஸ் 11. இலவசம், நீண்ட காலத்துக்கு நல்லது.

வழி 2: தகுதி இல்லையென்றால், ஓராண்டு அவகாசம். 'இஎஸ்யூ' என்ற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால், விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். 30 அமெரிக்க டாலர் கட்டலாம். ஆனால் கட்டத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் செட்டிங்ஸை விண்டோஸ் பேக்கப் மூலம் ஒத்திசைத்தால் இலவசம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுத்தும் சேரலாம்.

சேர்வதற்கு உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். பிள்ளைகளுக்கான கணக்கில் இருந்து சேர முடியாது, பெற்றோரோ அண்ணனோ அக்காவோ அட்மின் கணக்கில் இருந்து செய்ய வேண்டும். தாமதமாகச் சேர்ந்தாலும் இடையில் தவறவிட்ட அப்டேட்கள் கிடைக்கும், ஆனால் தவறவிட்ட நாட்களில் கணினி பாதுகாப்பில்லாமல்தான் இருந்திருக்கும்.

வழி 3: விண்டோஸே வேண்டாம், லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம், பழைய கணினியிலும் ஓடும். உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகுள் டாக்ஸ், வாட்ஸ்அப் வெப், யூடியூப் எல்லாம் பிரவுசரில் ஓடுபவை என்பதால் பள்ளிப் பிள்ளைக்கு இது போதும். தமிழிலும் தட்டச்சு செய்யலாம். ஆனால் கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் சில விளையாட்டுகளும் ஓடாது. நல்ல விஷயம், நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பேக்கப் எடுக்காமல் தொடாதீங்க

"அப்கிரேட் பண்ணா ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்னு சொல்றாங்களே?" ஆமாம், பெரும்பாலும் இருக்கும். ஆனால் 2018 அக்டோபரில் என்ன நடந்தது தெரியுமா? விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியான சில நாட்களிலேயே, சிலரின் ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டை நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரில் நீங்கள் ஒருவராக இருந்தால், சதவீதக் கணக்கு ஆறுதல் தராது.

செய்ய வேண்டியது இதுதான்:

• முக்கியமான கோப்புகளைக் கணினிக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று பென்டிரைவ் அல்லது வெளி ஹார்டு டிஸ்க், இன்னொன்று கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். இடம் போதாவிட்டால் சான்றிதழ்களுக்கும் ஆவணங்களுக்கும் முதலிடம், வீடியோக்கள் பிறகு.

• நகல் எடுத்ததும் விட்டுவிடாதீர்கள். பென்டிரைவை இன்னொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப் இல்லை.

• ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால் இணையத்திலும் அது அழியும். அதனால்தான் தனியாக ஒரு நகல் பென்டிரைவில் இருக்க வேண்டும் என்கிறோம்.

• பிட்லாக்கர் சாவியைத் தேடி எழுதி வையுங்கள். பல லாப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். டிபிஎம், செக்யூர் பூட், பயாஸ் அமைப்புகளில் கை வைத்தால், அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுக்கே கிடைக்காது. பொதுவாக அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லாப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள்.

• மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று வேறொரு கருவியில் உள்நுழைந்து சோதியுங்கள். அண்ணனின் பழைய மின்னஞ்சலில் கணக்கு இருந்தால், அண்ணனிடம் இப்போதே கேளுங்கள்.

மலைக்கு ஏற்ற வழி: பென்டிரைவில் கொண்டு வாருங்கள்

ஹாட்ஸ்பாட்டில் 5 ஜிபியை இறக்க முயன்று, பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். தானா ராத்தாவிலோ, நல்ல வைஃபை உள்ள உறவினர் வீட்டிலோ, அருகில் இருந்தால் நாடி சமூக இணைய மையத்திலோ இதைச் செய்யலாம்.

1. குறைந்தது 8 ஜிபி கொண்ட காலிப் பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். கவனம்: நிறுவியை ஏற்றும்போது அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பேக்கப் எடுத்த பென்டிரைவையே இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

2. மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ தளத்தில் உள்ள 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் விண்டோஸ் 11 நிறுவியை அதில் ஏற்றுங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் வேண்டாம்.

3. வீட்டுக்கு வந்து, விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து 'செட்டப்' கோப்பை அழுத்துங்கள். கணினியை அணைத்துப் பென்டிரைவிலிருந்து தொடங்கினால், உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு வராது.

4. அப்டேட்களை இப்போதே இறக்கவா என்று கேட்டால், அதை மாற்றி 'இப்போது வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நல்ல இணையம் கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

5. எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வரும்போது, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவைப் பாருங்கள். 'எதுவும் வேண்டாம்' என்பதைத் தவறிக்கூட அழுத்தாதீர்கள்.

மின்சாரம்? பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆன பிறகு, சார்ஜரும் செருகியிருக்கும்போது தொடங்குங்கள். மழை பிடிக்கும் மாலையைவிடக் காலைப்பொழுது நல்லது. விண்டோஸ் நிறுவும்போது மின்சாரம் போனால், பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பயாஸ் அப்டேட் அப்படியில்லை. அது பாதியில் நின்றால் கணினி எழாமலே போகலாம். லாப்டாப் பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டுமே ஓடுகிறது என்றால், பயாஸைத் தொடாதீர்கள்.

நாளை பரீட்சை, இன்று அப்கிரேட் என்பதும் வேண்டாம். ஒரு வார இறுதி அல்லது பள்ளி விடுமுறையை ஒதுக்குங்கள்.

மாறிய பிறகு: பத்து நாள் கணக்கு

புதிய விண்டோஸ் பிடிக்கவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாட்கள் அவகாசம் உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்ற இடத்தில் 'கோ பேக்' இருக்கும். அதற்குள் வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், பள்ளிக்கு வேண்டிய செயலிகள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அந்த நாட்களில் அழித்துவிட்டால், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

இந்த நேரத்தில் கிளம்பும் மோசடிகள்

ஒரு பெரிய மாற்றம் வந்தால், மோசடிக்காரர்களும் அதோடு சேர்ந்து வருவார்கள். 2022-இல் மைக்ரோசாஃப்ட் பக்கம் போலவே வடிவமைத்த ஒரு போலித் தளம், விண்டோஸ் 11 என்ற பெயரில் 'ரெட்லைன்' என்ற கடவுச்சொல் திருடியைக் கொடுத்தது.

• "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று திரையில் வந்தால், பிரவுசரை மூடுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது.
• உங்கள் கணினியை எட்டத்தில் இருந்து இயக்க அனுமதி கேட்டு யாராவது அழைத்தால் கொடுக்காதீர்கள்.
• வங்கி விவரமோ பணமோ போய்விட்டால், உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழையுங்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

இதற்கு யார் விலை கொடுப்பது?

நன்றாக ஓடும் கணினியை ஏன் ஒதுக்க வேண்டும் என்ற கேள்வியை உலகம் முழுவதும் பலர் எழுப்பினார்கள். ஏறக்குறைய 40 கோடி கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாற முடியாதவை என்று அமெரிக்க நுகர்வோர் அமைப்பான பிஐஆர்ஜி மதிப்பிட்டது. 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' அமைப்பும் இலவச ஆதரவை நீட்டிக்கக் கோரி மைக்ரோசாஃப்டுக்கு எழுதியது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு, செட்டிங்ஸை ஒத்திசைக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லாமல் அந்த ஓராண்டு இலவசமாகக் கிடைத்தது. அங்கே நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தம் அது. மலேசியாவில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. பொருள் ஒன்றுதான். அதை வாங்கியவர் எந்த நாட்டில் இருக்கிறார், அங்கே யார் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விதிகள் மாறுகின்றன.

தோட்டத்துப் பள்ளிகளுக்கு ஒரு தகவல்: மேலே சொன்ன இலவச வழி வீட்டுக் கணினிகளுக்கு மட்டும். கல்வி நிறுவனங்களுக்குத் தனி விலை உண்டு. ஒரு கணினிக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாமாண்டு 2 டாலர், மூன்றாமாண்டு 4 டாலர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "கணினி அறையில் என்ன விண்டோஸ் ஓடுது? இஎஸ்யூ-வில் சேர்ந்தாச்சா?" என்று கேட்கலாம். பத்து, இருபது கணினிகள் உள்ள ஒரு பள்ளிக்கு இது பெரிய தொகை இல்லை.

உண்மையிலேயே ஒரு கணினியை ஒதுக்க வேண்டி வந்தால், அதைக் குப்பையில் போடாதீர்கள். மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் அட்டவணைக் கழிவாக வருகிறது. அதற்கான சேகரிப்பு இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுவதுமாக அழித்துவிடுங்கள்.

இந்த வாரம் எதைச் செய்வது என்று யோசிக்கிறீர்களா? ஆவணங்களையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் எடுங்கள். பிராசசர் எண்ணைப் பாருங்கள். தகுதி இல்லையென்றால் இலவச இஎஸ்யூ-வில் சேருங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாலை போதும், ஒரு காசும் செலவில்லை. விண்டோஸ் 11-ஆ, லினக்ஸா, புது லாப்டாப்பா என்ற பெரிய முடிவை, அதன் பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நிதானமாக எடுக்கலாம்.